பன்றிக்குப் பதில் வேறு மிருகம் கிடையாதா?

1944 ஜூன் 19. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. லண்டன்மீது ஹிட்லரின் பறக்கும் குண்டுகள் விழ ஆரம்பித்திருந்தன. ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், ஜோனதன் கேப் என்ற பிரபல பதிப்பாளர் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். அவருடைய கவலை குண்டைப் பற்றியது அல்ல, பன்றியைப் பற்றியது.

தம்மிடம் வந்திருக்கும் கதையில் ஆளுகிற கூட்டம் பன்றிகளாக இருக்கிறதே, பலருக்கு மனம் புண்படுமே, அதிலும் ரஷ்யர்கள் சட்டென்று முகம் சுண்டிவிடுகிறவர்கள் ஆயிற்றே, வேறு மிருகமாக இருந்தால் இவ்வளவு உறுத்தாதே என்பதுதான் கடிதத்தின் சாரம். எந்த மிருகம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவதும் சிரமம்தான். செம்மறியாடுகள் ஏற்கெனவே கதையில் கோஷம் போடும் தொண்டர்களாகச் சேர்ந்துவிட்டன. நாய்கள் காவல்துறைக்குப் போய்விட்டன. கழுதை ஒன்று இருக்கிறது, ஆனால் அந்தப் பண்ணையிலேயே விவரமான ஆள் அதுதான். கரடி என்று மாற்றினால் ரஷ்யாவை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஆகிவிடும். பன்றியை விட்டால் நாதியில்லை.

கதை, ‘விலங்குப் பண்ணை’. எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகத்தை பிரிட்டிஷ் அரசு தடை செய்யவில்லை. போலீஸ் வரவில்லை, வழக்கு இல்லை, கையெழுத்துப் பிரதியை யாரும் கொளுத்தவும் இல்லை. படித்த, பண்பான, மாலையில் ஷெர்ரி அருந்துகிற பெரிய மனிதர்கள் யாரும் கேட்காமலே தாங்களாகப் பார்த்து அமுக்கிவிட்டார்கள். அதிகாரம் எப்படிக் கெடும் என்று ஆர்வெல் பன்றிகளை வைத்து எழுதினார். அதற்குக் கூட இருந்து உதவுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை லண்டன் பதிப்புலகம் அவருக்கு இலவசமாக நடித்தே காட்டியது.

லண்டன்காரர்களுக்கு ஸ்டாலின்மீது அப்படி என்ன பாசம் என்று கேட்கலாம். பாசத்துக்கு இரண்டு அடுக்கு உண்டு. அடியில் இருந்தது பழைய பக்தி. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா 1931இல் மாஸ்கோ போய்த் தம் 75ஆவது பிறந்தநாளை அங்கே கொண்டாடினார். ரஷ்யாவில் சாப்பாடு கிடைக்காது என்று நண்பர்கள் கட்டிக்கொடுத்த டின் உணவுகளை எல்லையைத் தாண்டும் முன்பே ரயிலிலிருந்து தூக்கி எறிந்துவிட்டதாக அங்கே கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த டின்கள் எங்கே விழுந்தன என்று விசாரிக்கத் தோன்றியிருக்கும்! அடுத்த வருடமே உக்ரைனில் பஞ்சம் தொடங்கியது. லட்சக்கணக்கில் செத்தார்கள், தானியம் மட்டும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. 1933இல் பிரான்சின் முன்னாள் பிரதமர் எதுவார் எர்ரியோ உக்ரைனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாடு பூத்துக் குலுங்கும் தோட்டமாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். அவருக்கு எந்தத் தெருவைக் காட்டினார்களோ அந்தத் தெரு உண்மையாகவே பூத்துத்தான் இருந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பக்தர்கள் பிரிட்டிஷ் சோஷலிஸ்டுகளான சிட்னி வெப், பியட்ரிஸ் வெப் தம்பதி. 1935இல் சோவியத் கம்யூனிசத்தைப் பற்றி ஒரு தலையணைப் புத்தகம் எழுதினார்கள். ‘ஒரு புதிய நாகரிகமா?’ என்று துணைத் தலைப்பில் ஒரு கேள்விக்குறி. 1937இல் மறுபதிப்பு வந்தது. கேள்விக்குறியைக் காணோம். இரண்டு வருடத்தில் ஐயம் தீர்ந்துவிட்டது. அந்த 1937, அடுத்த 1938 ஆகிய இரண்டு வருடத்தில் மட்டும், சோவியத் ரகசியப் போலீஸ் தானே எழுதிவைத்த கணக்குப்படி, சுமார் 6.8 லட்சம் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உலக வரலாற்றில் இவ்வளவு மோசமான நேரம் பார்த்து யாரும் ஒரு கேள்விக்குறியை அழித்ததில்லை.

மேல் அடுக்கு, போர்க்காலக் கூட்டணி. 1939இல் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டுப் போலந்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டபோது ஸ்டாலின் வில்லன். 1941இல் ஹிட்லர் ரஷ்யாவுக்குள் புகுந்ததும் அவரே ‘அங்கிள் ஜோ’ ஆனார். ஸ்டாலின்கிராட் வெற்றிக்குப் பிறகு பிரிட்டிஷ் ராஜா ஆறாம் ஜார்ஜ், அந்நகர மக்களுக்குப் பரிசாக ஒரு வாளே செய்து அனுப்பினார். ராஜாவின் அப்பாவும் 1918இல் குடும்பத்தோடு சுடப்பட்ட ஜார் நிக்கோலஸும் அக்கா தங்கை பிள்ளைகள். சுட்ட கட்சிக்குத்தான் இப்போது வாள். சாவுத் தீட்டு கழிந்துவிட்டது போலிருக்கிறது. 1943 நவம்பர் 29, டெஹ்ரான் மாநாட்டில் சர்ச்சில் அதை ஸ்டாலின் கையில் கொடுத்தார். ஸ்டாலின் உணர்ச்சிவசப்பட்டு உறைக்கு முத்தமிட்டு வாளை மார்ஷல் வொரோஷிலோவிடம் நீட்டினார். அவர் வாங்கிய வாகில் வாள் உறையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மூன்று வல்லரசுகளின் நட்பு அங்கேயே கிணுங்கென்று சத்தம் போட்டது.

அதே நவம்பரில்தான் ஆர்வெல் பி.பி.சி. வேலையை விட்டார், கதையை எழுதத் தொடங்கினார். கதை முடிவில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேஜையில் சீட்டாடிக் குடித்துக் கும்மாளம் போட்டுப் பிறகு சண்டை போட்டுக்கொள்கிற காட்சிக்கு மூலம் டெஹ்ரான்தான் என்று அவரே பிறகு எழுதினார். எல்லோரும் நட்பு நிலைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தபோது, நிலைக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது என்று ஒரு பெருமையும் அதில் இருந்தது. பெருமைப்பட்டுக்கொள்ளட்டும், சரியாகத்தானே சொன்னார்.

இந்த ஆசாமி யார்? நம் நாட்டில் பிறந்தவர். 1903, பீகார், மோதிஹாரி. அப்பா பிரிட்டிஷ் அரசின் அபினித் துறையில் உத்தியோகஸ்தர். சீனாக்காரர்களை மயக்கத்தில் ஆழ்த்த அரசாங்கமே ஒரு துறை வைத்திருந்த நாகரிகக் காலம் அது. பிள்ளைக்கு வைத்த பெயர் எரிக் பிளேர். பிள்ளை வளர்ந்து பர்மாவில் போலீஸ் அதிகாரியாக ஐந்து வருடம் பார்த்துவிட்டு, ஏகாதிபத்தியம் வேண்டாம் சாமி என்று ராஜினாமா செய்தார். 1936 டிசம்பரில் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போய், தளபதி ஃபிராங்கோவுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தினார். 1937 மே மாதம் பாசிஸ்ட்டின் குண்டு ஒன்று அவர் தொண்டையைத் துளைத்தது. நல்லவேளையாகப் பிழைத்துத் தட்டுத்தடுமாறி பார்சிலோனா திரும்பினால், இந்தப் பக்கத்து ஆட்களே அவரைக் கைது செய்யத் தேடிக்கொண்டிருந்தார்கள். குற்றம்? அவர் சேர்ந்திருந்த படைப்பிரிவு ஸ்டாலினுக்குப் பிடிக்காத மார்க்சியக் கட்சியுடையது. எதிரி முன்னால் சுட்டான், தோழன் பின்னால் வாரண்டோடு வந்தான். மனைவி ஐலீன் ஹோட்டல் வரவேற்பறையிலேயே அவரை மடக்கி, மேலே வராதே, ஓடு என்று எச்சரித்தார். இருவரும் ரயிலேறிப் பிரான்சுக்குத் தப்பினார்கள்.

ஊர் வந்து நடந்ததை எழுதினால் இடதுசாரிப் பத்திரிகை போட மறுத்தது. அவருடைய வழக்கமான பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ், எழுதப்படாத புத்தகத்தையே வேண்டாமென்று முன்கூட்டி மறுத்த புண்ணியவான். கடைசியில் ஃபிரெட்ரிக் வார்பர்க் அதை 1938இல் 1,500 பிரதி அச்சிட்டார். ஆர்வெல் சாகும்வரை அந்த 1,500 விற்றுத் தீரவில்லை.

அதனால்தான் அடுத்த தடவை மனிதர்களை விட்டுவிட்டு மிருகங்களிடம் போனார் என்று நினைக்கிறேன். கருவும் ஒரு மிருகத்திடமிருந்து வந்ததே. அவர் குடியிருந்த கிராமத்தில், பத்து வயது இருக்கும் ஒரு பொடியன், பிரம்மாண்டமான வண்டிக்குதிரை ஒன்றைக் குறுகலான பாதையில் சாட்டையால் விளாசி ஓட்டிக்கொண்டு போனானாம். இந்தக் குதிரைகளுக்குத் தங்கள் பலம் தெரிந்தால் நம் கதி என்ன என்று தோன்றியதாம். ஆர்வெலும் அந்தக் கிராமத்தில் கோழியும் ஆடும் வளர்த்தவர். ஆட்டின் பெயர் மியூரியல். கதையில் அதே பெயரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஓர் ஆடு வருகிறது. வீட்டு ஆட்டை இலக்கியத்தில் ஏற்றிய பிறகு அதனிடம் பால் கறக்க அவருக்கு எப்படி மனம் வந்ததோ.

பால் என்றதும் கதைக்கே போய்விடலாம். குடிகாரப் பண்ணையார் ஜோன்ஸை மிருகங்கள் விரட்டி அடிக்கின்றன. எல்லோரும் சமம் என்ற பொருளில் சுவரில் ஏழு கட்டளைகள் எழுதப்படுகின்றன. அன்று காலையே மாடுகளைக் கறக்கிறார்கள். வாளி வாளியாகப் பால். இதை என்ன செய்வது என்று யாரோ கேட்கிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அறுவடைக்குப் போங்கள் என்கிறது நெப்போலியன் என்ற பன்றி. போய்த் திரும்பினால் பாலைக் காணோம். பிறகு ஆப்பிள் பழமும் அதே வழியில் போகிறது. விளக்கம் கொடுக்க ஸ்குயிலர் என்ற குட்டை வாலாட்டிப் பன்றி வருகிறது. பன்றிகளுக்குப் பாலும் பிடிக்காது, ஆப்பிளும் பிடிக்காது. மூளை வேலை செய்கிறவர்களுக்கு அது தேவை என்று விஞ்ஞானம் சொல்கிறது. உங்களுக்காகவே கஷ்டப்பட்டுச் சாப்பிடுகிறோம். நாங்கள் சாப்பிடாவிட்டால் ஜோன்ஸ் திரும்ப வந்துவிடுவான், பரவாயில்லையா? மிருகங்கள் வாயை மூடிக்கொள்கின்றன.

படிக்கிறவர்கள் எல்லோரும் நாய்கள் மற்ற மிருகங்களைக் குதறும் இடத்தில் அதிர்ச்சி அடைகிறார்கள். ஆர்வெலுக்கு அது பிந்திய கட்டம். கதையின் திருப்பம் பாலும் ஆப்பிளும் போன இடம்தான் என்று 1946இல் ஓர் அமெரிக்க நண்பருக்கு எழுதினார். அப்போதே மற்ற மிருகங்கள் காலை ஊன்றி நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்பது அவர் கணக்கு. யோசித்தால் பெரிய கணக்குதான். சர்வாதிகாரம் துப்பாக்கியோடு வருவதற்கு ரொம்ப நாள் முன்பே தனி வாளியோடு வந்துவிடுகிறது. சோவியத்திலும் அப்படியே. ஊர் ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது அதிகாரிகளுக்குத் தனிக் கடை, தனி ஆஸ்பத்திரி, தனி ஓய்வில்லம். எல்லாம் மக்களுக்காகத்தான்.

கதையில் இருப்பதெல்லாம் மிகை என்று நினைக்கிறவர்களுக்கு நிஜத்திலிருந்து சில பண்டங்கள். பாக்ஸர் என்ற குதிரை கேள்வியே கேட்காமல் மாடாய் உழைக்கிறது. நிஜத்தில் அலெக்சி ஸ்டகானோவ் என்ற சுரங்கத் தொழிலாளி 1935 ஆகஸ்டில் ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார். ஒரு ஷிப்டுக்கு விதித்த அளவு 7 டன். பின்னால் முட்டுக்கட்டை அடித்துக்கொடுக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள் என்பதைச் செய்தியில் சின்னதாகக்கூடச் சொல்லவில்லை. விளைவு, நாடு முழுக்க மற்றத் தொழிலாளிகளின் அளவைக் கூட்டினார்கள். சுவரில் எழுதிய கட்டளைகளை ஸ்குயிலர் இரவில் ஏணி போட்டுத் திருத்துகிறது. நிஜத்தில் 1936இல் ஸ்டாலின் ஓர் அருமையான அரசியல் சட்டம் கொண்டுவந்தார். பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் போடும் உரிமை எல்லாம் அதில் உண்டு. அதை எழுதியவர்களில் முக்கியமானவர் பழைய கம்யூனிஸ்ட் தலைவர் புகாரின். 1938 மார்ச்சில் புகாரினைச் சுட்டார்கள். பிடித்து உள்ளே போட்ட ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவையும் 1940இல் சுட்டார்கள். கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் அவர் நிற்கும் புகைப்படத்தில் ஆளை அழித்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை நிரப்பினார்கள். ஏணியிலிருந்து விழுந்த ஸ்குயிலர் இவர்களிடம் பாடம் கற்றிருக்க வேண்டும்.

1944 பிப்ரவரியில் கதை முடிந்தது. இரவு இரவாக ஆர்வெல் அன்றன்றைக்கு எழுதியதைப் படுக்கையில் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். ஐலீன் சிரிப்பார், திருத்தம் சொல்லுவார். அவர் உணவு அமைச்சகத்தில் வேலை பார்த்தவர், பால் பங்கீடு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா?

இனிமேல் பதிப்பாளர்கள் ஊர்வலம். ஒப்பந்தப்படி முதலில் கொலான்ஸுக்குக் காட்ட வேண்டும். இது உங்களுக்குப் பிடிக்காது என்று ஆர்வெல் முன்னாடியே எழுதினார். என்னை அப்படிச் சந்தேகிக்கலாமா என்று கொலான்ஸ் கோபித்துக்கொண்டு வாங்கிப் படித்தார். படித்ததும், நீங்கள் சொன்னதே சரி என்று திருப்பி அனுப்பினார். குறைந்தபட்சம் மனிதர் நேர்மையானவர். வேறொரு நிறுவனத்தில் இளைஞராக இருந்த ஆந்த்ரே டாய்ச் ஆசைப்பட்டார், முதலாளிகள் சம்மதிக்கவில்லை.

அடுத்து நம் கேப். அவருக்குக் கதை பிடித்திருந்தது. அலுவலகத்தில் படித்துப் பார்த்தவர்களும் சிபாரிசு செய்தார்கள். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எதற்கும் கேட்டுவைப்போம் என்று தகவல் அமைச்சகத்தில் தெரிந்த ஒரு முக்கிய அதிகாரியிடம் ஒரு வார்த்தை போட்டார். அதிகாரி பதறி, வேண்டவே வேண்டாம் என்றார். உடனே கேப்புக்குப் பன்றி உறுத்த ஆரம்பித்தது. அந்த அதிகாரி பெரும்பாலும் பீட்டர் ஸ்மொலெட் என்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் முடிவு. அமைச்சகத்தில் ரஷ்யப் பிரிவின் தலைவர். வியன்னாக்காரர். பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது கொடுத்துக் கௌரவித்தது. பிற்காலத்தில்தான் தெரிந்தது, ஆசாமி சோவியத் உளவாளி. ஸ்டாலினைக் கிண்டல் செய்யும் புத்தகத்தைப் போடலாமா என்று கேப் போய் யோசனை கேட்ட இடம் அது! மாஸ்கோவுக்கே தபால் எழுதிக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் பதில் வந்திருக்காது. பன்றி பற்றிய அந்த வரிக்கு எதிரே ஓரத்தில் ஆர்வெல் ஒரே ஒரு வார்த்தை எழுதிவைத்தார். குடும்பத்தோடு படிக்கிற கட்டுரையில் அதை அச்சிட முடியாது.

ஜூன் 28 அன்று பறக்கும் குண்டு ஒன்று ஆர்வெல் குடியிருந்த வீட்டைச் சிதைத்தது. இடிபாட்டுக்குள் கையை விட்டு, கசங்கிப்போன கையெழுத்துப் பிரதியை எடுத்துத் தட்டினார். பிரதி கொஞ்சம் குண்டடி பட்டிருக்கிறது, மன்னிக்கவும் என்று ஒரு குறிப்போடு ஃபேபர் நிறுவனத்தில் இருந்த டி.எஸ். எலியட்டுக்கு அனுப்பினார். ஹிட்லரால் அழிக்க முடியாத கதையை எலியட் ஜூலை 13 அன்று ஒரே கடிதத்தில் முடித்துவைத்தார். அற்புதமான நடை, ஸ்விஃப்டின் ‘கலிவர்’ ஞாபகம் வருகிறது என்று பாராட்டிவிட்டு, மறுப்புக்குக் காரணம் சொன்னார். அதைப் படித்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. உங்கள் பன்றிகள் மற்ற மிருகங்களைவிட அறிவாளிகள், ஆகவே பண்ணையை நடத்தத் தகுதியானவர்கள். கம்யூனிசம் போதாது என்பதில்லை பிரச்சினை, பொதுநலம் உள்ள பன்றிகள் போதவில்லை, அவ்வளவுதான் என்று ஒருவர் வாதிக்கலாமே என்றார். ஸ்குயிலரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. என்ன, அதற்கு நான்கு வருடம் கழித்து நோபல் பரிசு கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு நிறுவனம், இந்த நாட்டில் மிருகக் கதைகள் விற்காது என்று திருப்பியது. மிக்கி மவுஸுக்குப் பதினைந்து வயது தாண்டியிருந்த நாடு.

சலித்துப்போன ஆர்வெல், கடன் வாங்கி இரண்டு ஷில்லிங் விலையில் தானே அச்சிட்டுவிடலாம் என்றுகூடத் துணிந்தார். கடைசியில் கைகொடுத்தவர் பழைய வார்பர்க்தான். அவருக்கு வீட்டிலேயே எதிர்க்கட்சி. ரத்தம் சிந்திப் போராடும் ரஷ்யாவை இப்படியா கேலி செய்வது, இதைப் போட்டால் உங்களை விட்டுப் போய்விடுவேன் என்று மனைவி மிரட்டியதாக வார்பர்க் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். மனுஷன் போட்டார். மனைவியும் போகவில்லை. ஆனால் காகிதத் தட்டுப்பாடு. புத்தகம் ஒரு வருடம் இழுத்தது. அதற்குள் 1945 மார்ச்சில், ஓர் அறுவைச் சிகிச்சையின்போது ஐலீன் இறந்துபோனார். வயது 39. புத்தகத்தை அச்சில் பார்க்கவில்லை.

அதே மாதத்தில் ஆர்வெல் பதிப்பாளருக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். கதையில் மிருகங்கள் கட்டிய காற்றாலை வெடிக்கும்போது நெப்போலியன் உட்பட எல்லா மிருகங்களும் குப்புற விழுந்ததாக எழுதியிருந்தார். நெப்போலியனைத் தவிர என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியர் நெருங்கிய சமயத்தில் ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அந்த நியாயத்தைச் செய்துவிட வேண்டும் என்பது காரணம். தன்னைக் கைது செய்யத் தேடிய கட்சியின் தலைவனுக்கு, ஒரு பன்றியின் வழியாக, ஒரு வார்த்தை நியாயம். இப்படிப்பட்ட நேர்மையை வைத்துக்கொண்டு லண்டனில் எப்படித்தான் பிழைத்தாரோ.

1945 ஆகஸ்ட் 17. ஜப்பான் சரணடைவதாக அறிவித்து இரண்டு நாள். 4,500 பிரதிகள் வந்தன, பறந்தன. போர் முடிந்ததும் அங்கிள் ஜோவும் அங்கிள் பதவியை இழந்தார். சில மாதத்தில் சர்ச்சிலே இரும்புத்திரை என்று பேசத் தொடங்கினார். நேற்றுவரை நாகரிகமில்லாமல் இருந்த பன்றிக்குத் திடீர் மரியாதை. அரண்மனையில் ராணிக்குப் புத்தகம் வேண்டுமென்று ஆள் வந்தபோது பதிப்பாளரிடம் பிரதி தீர்ந்திருந்ததாகவும், கடைசியில் அரசே வேண்டாம் என்கிற அராஜகவாதிகளின் புத்தகக் கடையில் போய் அரண்மனைச் சேவகர் வாங்கியதாகவும் ஆர்வெலின் நண்பர் ஜார்ஜ் உட்காக் ஒரு கதை சொல்லுவார். மிருகக் கதை விற்காத அமெரிக்காவில் 1946இல் லட்சக்கணக்கில் விற்றது.

அமெரிக்கா என்றதும் ஒரு ஜோடிக் கதை. 1947இல் ஜெர்மனியின் அகதி முகாம்களில் இருந்த உக்ரைனியர்களுக்காக ஓர் இளைஞர் மொழிபெயர்த்தார். ஸ்டாலினிடமிருந்து தப்பிவந்த மக்கள். ஆர்வெல் காசு வாங்கவில்லை, தனி முன்னுரையும் எழுதிக்கொடுத்தார். மியூனிக்கில் அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சுமார் 1,500 பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். செய்து? சோவியத் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். மனிதர்களும் பன்றிகளும் கூடிக் குலாவும் காட்சியை இவ்வளவு விசுவாசமாக நடித்த நாடகக் குழு கிடையாது.

ஏழே வருடத்தில் அதே அமெரிக்காவின் சி.ஐ.ஏ., ரகசியமாகப் பணம் போட்டு அதே கதையைக் கார்ட்டூன் படமாக எடுத்தது. ஹலாஸ்–பேட்செலர் தம்பதி உருவாக்கி 1954இல் வெளியான அந்தப் படத்தில் முடிவு மாறியிருந்தது. கதையில் கடைசியில் பன்றி யார், மனிதன் யார் என்று அடையாளம் தெரியாமல் போகிறது. அதாவது முதலாளியும் மாட்டிக்கொள்கிறான். படத்தில் மனிதர்களைக் கழற்றிவிட்டார்கள். மிருகங்கள் திரண்டு பன்றிகளைக் கவிழ்த்துவிடும், சுபம். பாதிக் கதையை அவர்கள் பால் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஆர்வெல் 1950 ஜனவரியிலேயே காசநோயில் போய்விட்டதால் எதிர்ப்புச் சொல்ல ஆளில்லை.

உயிரோடு இருந்தால் சொல்லியிருப்பாரா? முழு நிச்சயம் இல்லை. 1949இல் சானடோரியத்தில் படுத்துக்கொண்டு, பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பிரசாரப் பிரிவுக்கு 38 பேர் கொண்ட பட்டியல் ஒன்றை அவர் எழுதிக்கொடுத்தார். கம்யூனிச அனுதாபிகள், எழுத்து வேலைக்கு நம்ப வேண்டாம் என்று. யாரும் சிறைக்குப் போகவில்லை. கேட்டு வந்தவர் பழைய சிநேகிதி. ஆர்வெலுக்கோ உடம்பு முடியவில்லை. சமாதானங்கள் எல்லாம் உண்டு. இருந்தாலும், அரசாங்க அலுவலகத்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொடுப்பது மியூரியல் செய்கிற வேலை இல்லை. வேடிக்கை, பட்டியலில் ஸ்மொலெட் பெயரும் இருந்தது. அரசாங்கத்துக்குத் தெரியாதது காசநோய்க்காரருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு புத்தகம் ஊர் ஊராகப் போனது. தமிழில் க.நா.சு. கொண்டுவந்தார். 1988இல் சோவியத்திலேயே, லாட்வியாவின் ரீகா நகரப் பத்திரிகை ஒன்றில் ரஷ்ய மொழியில் வெளியானது. நாடு அதற்குப் பிறகு மூன்று வருடம்தான் இருந்தது. 2001இல் ஜிம்பாப்வேயின் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழ் இதைத் தொடராகப் போட்டது. கூடப் போட்ட படத்தில் நெப்போலியனுக்கு அந்நாட்டு அதிபர் முகாபேயுடைய தடித்த கறுப்புக் கண்ணாடி. அதே வருடம் அந்தப் பத்திரிகையின் அச்சகத்தில் குண்டு வெடித்தது. ரஷ்யர்கள் மட்டும்தான் முகம் சுண்டுவார்கள் என்று கேப் நினைத்தது தப்பு.

ஆர்வெல் இந்தப் புத்தகத்துக்கு ஒரு முன்னுரை எழுதியிருந்தார். இங்கிலாந்தில் எழுத்தை அடக்க அரசாங்கம் தேவையில்லை, பத்திரிகைக்காரர்களும் பதிப்பாளர்களும் தாங்களே செய்துகொள்கிறார்கள் என்பது அதன் பொருள்; அமைச்சகத்தைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கிய பதிப்பாளர் கதையும் பெயர் சொல்லாமல் அதில் உண்டு. 1945இல் அச்சுக் கோக்கும்போது அதற்குப் பக்கங்கள் ஒதுக்கியிருந்தார்கள். கடைசி நேரத்தில் முன்னுரை இல்லாமலே, பக்க எண்களை மாற்றிப் போட்டுப் புத்தகம் வெளிவந்தது. 1971இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. 1972 செப்டம்பரில் ‘டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட்’ வெளியிட்டது. கடையில் இன்று கிடைக்கும் பல பதிப்புகளிலும் அது இல்லை. வாங்கும்போது முதல் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, முன்னுரை இருக்கிற பிரதியாகக் கேட்டு வாங்குங்கள்.